சம்பந்தி வாய் திறக்கவில்லை

அன்று அவையில் யாரும் குறுக்கிடக் கூடாது என்று எல்லாக் கட்சிகளும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தன. பிரதமர் பேசி உட்கார்ந்ததும் நேராக வாக்கெடுப்பு, போருக்கு அனுமதி. நாடு ஒரே குரலில் பேசுகிறது என்று பக்கத்து நாட்டுக்கு உறைக்க வேண்டுமாம்.

பிரதமர் அம்மாவும் அதற்குத் தலையாட்டியவர்தான். ஆனால் அவைக்குள் நுழையும்போது வெளியுறவுச் செயலாளர் காதோரம் வந்து கிசுகிசுத்தார். பக்கத்து நாடு சமாதானத்துக்கு இறங்கி வருகிறது, படையைத் திரும்பப் பெறும் பதில் எந்த நேரமும் வரலாம், அதற்குள் விஷயம் கசிந்தால் எல்லாம் கெட்டுவிடும். பதில் வந்ததும் செயலாளர் அதிகாரிகள் வரிசையில் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றுவார். அதுவரை அம்மா உட்காரவே கூடாது.

நறுக்கென்று பேசுவதற்குப் பேர்போனவர் அம்மா. கையில் இருந்ததோ இரண்டே பக்கம். தொண்டை வேறு கட்டியிருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் தண்ணீர் குடித்துப் பார்த்தார். குடுவை காலியானதுதான் மிச்சம்.

எதிர்வரிசையில் எதிர்க்கட்சித் தலைவர் இருந்தார். அவர் மகனுக்குத்தான் அம்மா தன் மகளைக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை இப்போது எல்லையில், பீரங்கிப் படையில். சம்பந்திக்கு அவை விதிகள் தலைகீழ்ப் பாடம். அவர் எழுந்து ஓர் ஆட்சேபணையைக் கிளப்பினால் சபாநாயகர் தீர்ப்புச் சொல்லும்வரை அவை அசையாது. அம்மா தும்மினாலும் விதி காட்டுகிறவர், இன்று பார்த்து வாய்க்குப் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பத்தி வந்துவிட்டது. செயலாளரின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அம்மா காகிதத்தை மடித்து வைத்தார்.

"நம்ம பீரங்கிகள் மலைப்பாதை வழியாத்தான் போகுது. முன்னாள் பொதுப்பணி அமைச்சர் கட்டின பாலம் ஆடு போகத்தான் தாங்கும். அதுவும் ஒவ்வொண்ணா."

அந்த முன்னாள் அமைச்சர் சம்பந்திதான். அவர் காது சிவந்தது. பக்கத்து உறுப்பினர் அவர் கையை அழுத்திப் பிடித்தார். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லை என்று அம்மா குடும்பத்துக்குள் கை வைத்தார். "படைக்குச் சாப்பாட்டுக் குறையே வராது. என் மக கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டார் வச்ச விருந்து மாதிரி பாதியிலயே தீர்ந்துபோகாதுன்னு உறுதி சொல்றேன்."

சம்பந்தி எழுந்துவிட்டார். பிடித்திருந்த உறுப்பினரும் கூடவே பாதி எழுந்தார். சொந்த விஷயத்தை அவையில் இழுப்பது எந்த விதிப்படி தப்பு என்று ஆரம்பித்தவர், அதன் உட்பிரிவு, முன்னுதாரணம், முன்னுதாரணத்துக்கு மறுப்பு என்று போய்க்கொண்டே இருந்தார். சபாநாயகர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இவ்வளவு நிம்மதியாக அம்மா சம்பந்தியின் பேச்சைக் கேட்டதே கிடையாது.

அவர் பேச்சு பாலத்தின் தூண்களுக்கு வந்தபோது செயலாளர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார்.

பக்கத்து நாடு படையைத் திரும்பப் பெறும் செய்தியை அம்மா அறிவித்ததும் மேசைகள் அதிர்ந்தன. வாக்கெடுப்புக்கு வேலையே இல்லாமல் போனது.

தாழ்வாரத்தில் சம்பந்தி வழிமறித்தார். "சாப்பாடு பத்தலைன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"பத்துச்சு சம்பந்தி. மிச்சமே ஆச்சு. நீங்க எழுந்திருக்கணுமே, அதான். பையன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துருவான்."

அவர் தோள் துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பாலத்தைப் பத்திச் சொன்னதும் சும்மாதானே?"

"அது நிஜம்தான்."

சம்பந்தி சபாநாயகர் அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.