நடுவில் எண்ணியது

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நான்கு பேர் அக்காவின் உடலைப் படிவழியே தூக்கிவர, திருப்பத்தில் தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை.

"தலைப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க," என்றார் அக்காவின் கணவர்.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தங்கையைக் காட்டி அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார். "இவ லேப்லதான் இருக்கா. அன்னைக்கே மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு, மெதுவா வளர்ற வகைதான்னு சொன்னா. அந்தத் தைரியத்துலதான் அவ ஒன்றரை வருஷம் ஓட்டினா."



கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெலிதாகச் சீவி, சாயமேற்றி டாக்டர் மேசையில் வைப்பது தங்கையின் வேலை. அதோடு சரி. பார்த்துச் சொல்வது டாக்டர் பாடு. ஆனால் சொந்த அக்காவின் மார்பிலிருந்து எடுத்தது வந்தால் கை சும்மா இருக்குமா? இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை எண்ணினால் நோயின் வேகம் தெரியும். அவை மொய்க்கும் இடமாகப் பார்த்து, பெரும்பாலும் ஓரத்தில், எண்ண வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் நடுவில் எண்ணினாள். நடுவில் அமைதியாக இருந்தது. அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள்.

நான்கு நாள் கழித்து வந்த ரிப்போர்ட், வேகமாக வளரும் வகை என்றது.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீதான் பாத்துட்டியே," என்று அக்கா சிரித்தாள். "பொண்ணு பரீட்சை முடியட்டும். அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. 'தப்பா எண்ணிட்டேன்கா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாளைக்கு, நாளைக்கு என்றே ஐந்து மாதமும் போயிற்று; அதற்குள் நோய் பரவிவிட்டது. தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சமையலறையில் போய் நின்றாள். அக்காவின் மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"சித்தி, இங்க ஒண்ணு தட்டுப்படுது. ரெண்டு வாரமா. அப்பாகிட்ட சொல்லல."

சித்தியின் கையைப் பிடித்துத் தன் அக்குள் பக்கம் வைத்துக்கொண்டாள். விரலுக்கடியில் ஏதோ நகர்ந்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்."

"அவங்க எதையாவது சொல்லிப் பயமுறுத்துவாங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க, அம்மாவுக்குச் சொன்ன மாதிரி."

"அம்மாவுக்கு நான் சொன்னது..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

அதற்குள்ளேயே அந்தப் பெண்ணின் முகம் தெளிய ஆரம்பித்திருந்தது.