மனைவி சம்மதித்தால்

கம்பெனி வக்கீலம்மா அவரிடம் நீட்டிய தாளின் தலையில் ஒரே ஒரு வரி. இருபது வருடத்துக்கு முன் அவரே எழுதியது: 'இந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் மனைவி சம்மதித்தால்.' அடியில் இரண்டு கட்டம் போட்டிருந்தது: நிபந்தனை, விளையாட்டு.

நாலைந்து மாடியில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் முதலில் எங்கே போவது என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் நிரல் அது. வேலையில் இருந்த காலத்தில் எழுதி, ஊருக்கே பொதுவாக இருக்கட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டு மறந்துபோனார். ஒரு லிஃப்ட் கம்பெனி அதை எடுத்து முந்நூறு கட்டடங்களில் ஓட்டிக்கொண்டிருந்தது. மேல் வரியை இப்போதுதான் யாரோ படித்தார்கள். படித்த அன்றே முந்நூறு லிஃப்டையும் நிறுத்திவிட்டார்கள். அந்த லிஃப்டுகள் ஒருநாளும் அத்தனை வேகமாகப் போனதில்லை.

"எங்க ஆபீஸ்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிறாங்க சார். விளையாட்டுன்னா டிக் பண்ணி ஒரு கையெழுத்து போடுங்க. வரியத் தூக்கிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

பேனாவை வாங்கினார். விளையாட்டுதான், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. அவளுடைய தையல் மிஷின் இடத்தை அடைக்கிறதென்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் யாருக்கோ தூக்கிக் கொடுத்ததுதான் காரணம். அன்றிலிருந்து அவள் போனை எடுப்பதில்லை. வாசலில் போய் நிற்க இதுவரை அவருக்கு ஒரு சாக்குக்கூடக் கிடைக்கவில்லை.

"நிபந்தனைதாம்மா," என்றார், முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல். "நேர்ல போய்க் கேக்கணும்."

மைத்துனன் வீடு ஏழாவது மாடி. அங்கிருந்த லிஃப்டும் முந்நூறில் ஒன்று. கதவைத் திறந்துபோட்டு, விளக்கெரிய, கீழ்த்தளத்தில் சும்மா நின்றது. மூன்றாவது மாடிப் படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "எவனோ பொண்டாட்டிக்குப் பயந்தவன் எழுதி வச்சதாம் சார்," என்றார்.

"பாவம்," என்று சொல்லிவிட்டு இவர் மேலே ஏறினார்.

மனைவிதான் கதவைத் திறந்தாள். தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"நிபந்தனைன்னு டிக் போட்டிருக்கீங்க?"

"பின்ன?"

"புளுகாதீங்க. எழுதும்போது நான் பக்கத்துலதான நின்னேன். சிரிச்சு சிரிச்சு உங்களுக்குப் புரையேறி, நாந்தான் தலையில தட்டினேன்."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்க அவருக்கு எப்போதும் வரும். ஏழு மாடி ஏறியதில் மூச்சுத்தான் வரவில்லை.

"விளையாட்டுன்னு சொல்லிட்டு வீட்லயே இருந்திருக்கலாம்ல. எதுக்கு இத்தன படி ஏறணும்?"

"உன்னக் கேக்கத்தான்."

அவள் வாசலை விட்டு நகரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி, கேளுங்க."

லிஃப்டைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அவளுக்குப் பின்னால், ஜன்னலோர நாற்காலியில், மிஷின் இல்லாமல் கையாலேயே பாதி தைத்த சட்டை ஒன்று, ஊசி குத்தியபடி கிடந்தது.