கப்பல் கதவின் அகலம்

ஆரியசாலை வியாபாரிகள் சங்கம் கொச்சியிலிருந்து கப்பலில் உல்லாசப் பயணம் போகிறது. மூன்று இரவு. எங்கேயும் இறங்குவதில்லை. கடலைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது. சங்கச் செயலாளர் உமாசங்கர் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரி. இறந்துபோன என் மனைவி அஞ்சுவின் அண்ணன். அவருடைய அம்மா செல்லபாய் அத்தையும் போகிறாள்.

அத்தைக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம். கை தப்பியது, வலது கால் போனது. சக்கர நாற்காலி. கம்பி இருந்தால் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நிற்பாள். வீட்டுக் கக்கூஸில் கம்பி இல்லை. புது டைல்ஸில் துளை போட உமாசங்கருக்கு மனசில்லை. அதனால் பாசத்தோடு யாராவது தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். கப்பலுக்கு அத்தை கேட்டது ஒன்றுதான்.

"மூணு நாளாவது நானே போயி நானே வரணும்."

அறை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டட வரைபடம் போடுவது என் தொழில் என்பது ஒரு காரணம். அஞ்சு போய்ப் பதினான்கு மாதம். எனக்கு வேறு வேலை இருக்காது என்பது இன்னொன்று. துக்கக்காரனுக்கு வேலை கொடுப்பது புண்ணியம் என்று குடும்பத்தில் எண்ணம். நிறையப் புண்ணியம் சேர்த்துவிட்டார்கள்.

ஏஜென்ட் அபிலாஷ் டேப்லெட்டோடு உமாசங்கரின் கடைக்கே வந்தான். அத்தை தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள்.

"ஏழாம் டெக், பால்கணி. அடிபொளி வ்யூ சார்."

"தல தெக்க வச்சுப் படுக்கணும்," என்றார் உமாசங்கர். "கட்டில் எந்தப் பக்கம்?"

"கப்பல் திரும்பும் சார்."

"அப்பம் திரும்பாத பக்கமா ஒரு ரூம் தாரும்வே."

அபிலாஷ் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டான். தொழில் தெரிந்தவன்.

"பாத்ரூம் கதவு எத்தனை அகலம்?" என்று கேட்டேன்.

"அது... இதுவரெ ஆரும் கேட்டிட்டில்ல சார்."

போன் செய்தான். ஐம்பத்தாறு சென்டிமீட்டர். வாசலில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு படி வேறு. அத்தையின் நாற்காலி அறுபத்து நான்கு.

"வேற ஒரு முறி... ரூம் உண்டு. கதவு எண்பத்தஞ்சு, படி இல்ல, ரெண்டு பக்கமும் கம்பி. ஒண்ணுதான் பாக்கி. பக்ஷே கப்பலுக்கு நடுவிலாணு. ஜன்னல் இல்ல."

"ஜன்னல் இல்லியா?" உமாசங்கர் எழுந்துவிட்டார். "சங்கமே பால்கணில நிக்கும், செக்ரட்டரிக்க அம்மை குடோன்ல கெடப்பாளா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நாலு பேரும் பாத்ரூமுக்கு வரமாட்டாங்க, அத்தான்," என்றேன்.

"மாப்பிளே, நீரு எதுக்கு அந்தக் கதவையே பிடிச்சுத் தொங்குதீரு? நான் தூக்கிக்கிடுதேன். பெத்த அம்மையத் தூக்கமாட்டனா?"

"இப்பம் தூக்கிக் காட்டு," என்றாள் அத்தை.

"இப்பமா?"

"மொதல்ல மூட்டையத் தூக்கு. நாப்பது கிலோ. நானும் அம்புட்டுதான்."

மிளகாய் மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கவைத்தேன். நடுவில் டேப் பிடித்து ஐம்பத்தாறு. குறுக்கே ஒரு கட்டையைப் போட்டேன், பதினைந்து. உமாசங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டையை நெஞ்சோடு அணைத்தார். நேராகப் போனார், நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பினார், மூட்டை நுழைந்தது, அவர் நுழையவில்லை. மூச்சை இழுத்து நுழைந்தபோது கால் கட்டையில் தட்டியது. மூட்டை முதலில் விழுந்தது. அதன்மேல் செயலாளர்.

மூட்டையின் வாய் பிரிந்து மிளகாய் சிதறியது. கடை முழுக்கத் தும்மல். எதிர்க் கடையிலும் தும்மினார்கள்.

"சுதீஷே," அத்தை கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "கீழ கெடக்கது ஆரு?"

"மூட்டை, அத்தை," என்றேன்.

"இல்ல மக்கா. அது நானாக்கும்."

உமாசங்கர் எழுந்து வேட்டியை உதறினார். "இங்க மொளகா சறுக்கிட்டு. கப்பல்ல மொளகா இருக்காதுல்லா."

"கப்பல் ஆடும் சார்," என்றான் அபிலாஷ்.

ஜன்னல் இல்லாத அறையே முடிவாயிற்று. அபிலாஷ் படிவத்தைத் திறந்தான்.

"கூட ஒராள் அதே முறியில வேணும். ரூலாணு."

"மாப்பிளே போவாரு. அவருக்கென்ன," என்றார் உமாசங்கர்.

"வைஃபும் உண்டோ சார்?"

உமாசங்கர் சிதறிய மிளகாயை அள்ளக் குனிந்தார்.

"இல்லை," என்றேன். இரண்டு தனிக் கட்டில் என்று குறித்தான்.

"இவன்தான் கொள்ளாம்," என்றாள் அத்தை. "நான் உள்ள கெடந்து கத்தினாலும் இருந்த எடத்த விட்டு அனங்கமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு மாதத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

"நான் விளிச்சா வருவியா மக்கா?"

"விளிச்சா வருவேன்."

"விளிக்காட்டா?"

"வரமாட்டேன்."

"பொறவென்ன. அவன் பேரையே எழுது," என்றாள் அபிலாஷிடம். பிறகு என்னிடம்: "எண்பத்தஞ்சுன்னா எவ்வளவு? அதையும் வச்சுக் காட்டு."

கட்டையை எடுத்தேன். ஒரு வரிசையைத் தள்ளி வைத்தேன். அத்தை சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். உமாசங்கரின் இரண்டு கைகளும் தானாக நீண்டன.

"கைய மடக்குலே."

மடக்கினார். நாற்காலி எதிலும் உரசாமல் உள்ளே போயிற்று. மூட்டைகளுக்குப் பின்னால் சுவர் வரை கொஞ்சம் இடம் உண்டு. அங்கே திரும்பும் சத்தம் கேட்டது.

"கதவச் சாத்துங்க."

"கதவு இல்லை, அத்தை."

"இல்லேன்னா எல்லாரும் திரும்பி நில்லுங்க."

சங்கச் செயலாளரும் ஏஜென்டும் நானும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றோம். வெள்ளைப்பூண்டு ஏற்றிய ஒரு ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனான். உள்ளே சத்தமில்லை. உமாசங்கர் கழுத்தை மெதுவாகத் திருப்பினார்.

"உமா," என்றது உள்ளேயிருந்து குரல்.

கழுத்து தெருப்பக்கம் போயிற்று.

அத்தை விளிக்கவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.