பொடிசு செய்த கல்

"இடது பக்கம்! இடது பக்கம் ஒருத்தன் வர்றான் பாரு!" என்றாள் அம்மா.

பொடிசு ஒரு கையால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள். மறு கை கன்ட்ரோலரின் வலது பாதியில் இருந்தது. இடது பாதி அம்மாவின் கையில். டிவி திரையில் ஓர் இரும்புச் சிலந்தி பாறை உச்சியிலிருந்து குதித்து நீல ஒளியைக் கக்கியது. திரையின் ஓரங்கள் சிவந்தன. அந்த வீடியோ கேமில் அடிபட்டால் அப்படித்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்குகிற மாதிரி நாலு பக்கமும் சிவக்கும். எதற்காவது பின்னால் ஒண்டிக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினால் சிவப்பு தானாக வடியும்.

"பதுங்கும்மா, பதுங்கு!"

"நான் வண்டிய ஓரங்கட்டியாச்சு. நீ சுடு."

பொடிசு தலையணையை விட்டுவிட்டுச் சுட்டாள். கையுறை போட்ட இரண்டு கைகளும் துப்பாக்கியும்தான் திரையின் கீழே தெரியும். ஆள் தெரியாது. ஆள் நாம்தான். துப்பாக்கி உதற, சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு சரிந்து, பள்ளத்தில் தேங்கியிருந்த மழைநீரில் பொத்தென்று விழுந்தது. தண்ணீரில் தெரிந்த இரண்டு நிலாக்களும் கலங்கி, மெல்ல மறுபடி வட்டமாயின.

"போய்ச் சேர்ந்தான்" என்றாள் அம்மா திருப்தியாக.

விரல்களில் வலு குறைந்ததிலிருந்து இப்படித்தான் விளையாடினார்கள். நடப்பது அம்மா, பார்ப்பதும் சுடுவதும் பொடிசு. "ஸ்டியரிங் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். உத்தியோக காலம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவள். நுரையீரல் கைவிட்ட பிறகுதான் இறங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் நிற்கிற வண்டி என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று அம்மா, அப்பா, பொடிசு மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பொடிசுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அம்மாவுக்கும், அம்மாவின் டிப்போக்காரர்களுக்கும் அவள் பொடிசுதான். வேறு ஊரில், இந்த ஆட்டத்தைத் தயாரித்த கம்பெனியில், கல் டீமில் இருந்தாள். அப்படி ஒரு டீம் இருப்பதே வெளியாட்களுக்குத் தெரியாது. பாறை, சரளை, கூழாங்கல், இரும்புச் சுவரில் ஏறிய துரு, துருவிலிருந்து கீழே வழிந்த பழுப்புக் கறை. மனிதன் கால் வைக்காத ஒரு கிரகத்தின் தரை மொத்தமும் அவர்கள் கைவேலை. அதை யாரும் பார்ப்பதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் காலடியில் கிடக்கிற கல்லையா பார்ப்பான்?

அம்மா பார்த்தாள். பெண் என்னதான் வேலை செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த கேம் பெட்டியையே வாங்கினாள். துப்பாக்கி அவளுக்கு வேண்டாம். சும்மா நடந்து கற்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள். ஆட்டம் விடவில்லை. சுட்டால்தான் அடுத்த கதவு திறக்கும். சரி, அப்படியானால் சுட்டுத்தான் தீர வேண்டும் என்று உட்கார்ந்து பழகினாள். பழகிப் பழகி, முன்பின் தெரியாத பையன்களோடு குழுவாகச் சேர்ந்து விளையாடும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஹெட்போனில் அவள் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். "ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா வாங்கப்பா, இடிச்சுக்காதீங்க. டேய், படியில தொங்காத, உள்ள போ!" பையன்கள் அவளை டிரைவரம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் இல்லாமல் கடைசிக் கதவுக்குப் போக மாட்டோம் என்றார்கள்.

போனில் பொடிசிடம் தினமும் கணக்குக் கேட்பாள்.

"இந்த வானம் நீ செஞ்சதுதானே?"

"வானம் வேற டீம்மா."

"தண்ணி?"

"அதுவும் வேற ஆளு."

"அப்ப நீ என்னதான்டி செஞ்ச?"

"காலுக்குக் கீழ இருக்கறது."

"அதுதான் முக்கியம். ரோடு இல்லாம பஸ் ஓடுமா?"

இன்று காலை அவர்கள் மழை பெய்து ஓய்ந்த பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா மெதுவாகத்தான் நடத்தினாள். பள்ளம் வந்தால் சுற்றிப் போனாள். ஒரு வளைவில் இரண்டு சிலந்திகள் சேர்ந்தாற்போல் வந்தன. பொடிசு ஒன்றைச் சுடுவதற்குள் மற்றது பாய்ந்துவிட்டது. திரை சிவந்து, உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

இந்த ஆட்டத்தில் செத்தால், விழுந்தவனின் கண் திறந்தபடியே இருக்கும். கன்னம் தரையில் பதிந்தவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் திரையில் தெரியும். முகத்துக்கு நேரே ஈரச் சரளை. கல்லோடு கல் ஒட்டுகிற இடத்தில் பச்சையாகப் பாசி. ஒரு விரிசலில் அடைந்திருந்த மெல்லிய மணல். வேலை பார்த்தபோது பொடிசும் அவள் கூட்டாளிகளும் இந்தக் கோணத்துக்காகவே அவ்வளவு நுணுக்கமாகச் செய்தார்கள். நம் கல்லை ஜனங்கள் பார்ப்பது செத்தால்தான் என்று கேலி பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

மீண்டும் எழ விசையை அழுத்தவும் என்று திரையில் எழுத்து மின்னியது. பொடிசு கட்டைவிரலை நகர்த்தினாள்.

"இரு, இரு. உடனே எழுப்பாத" என்றாள் அம்மா. "நல்லாத்தானே இருக்கு."

மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சின்னது. வெள்ளைக் கோடு ஓடுதே, அது?"

"என்னோடதுதாம்மா."

"எதப் பாத்துச் செஞ்ச?"

பொடிசு சிரித்தாள். "நம்ம டிப்போல பஸ் கழுவற இடம் இருக்குல்ல? அங்க கிடக்கற ஜல்லி. போன தடவ லீவுல வந்தப்ப ஒரு கைப்பிடி அள்ளிட்டுப் போனேன். சுத்திச் சுத்தி போட்டோ எடுத்து அப்படியே வெச்சிட்டேன்."

அம்மாவுக்கு விளங்க ஒரு நொடி ஆனது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, கண்ணோரம் வழிந்ததைப் பொடிசு துடைத்துவிட்டாள்.

"அடிப்பாவி... வேற கிரகம், வேற கிரகம்னு சொல்லி நம்ம டிப்போவுக்கேவா கூட்டிட்டு வந்த? நான் வேற, என்னமோ பாத்த எடம் மாதிரி இருக்கேன்னு மண்டைய ஒடைச்சிட்டிருந்தேன்."

அப்பா கதவருகில் நின்றார். கீழ்த்தளத்தில் அவருடைய முடிதிருத்தகம். இரண்டே நாற்காலிகள். ஒருவருக்கு வெட்டி முடித்து அடுத்தவர் உட்காருவதற்குள் ஓடி வந்துவிட்டுப் போவார். சட்டைத் தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருக்கும். திரையை மட்டும் பார்க்க மாட்டார். பார்த்தால் தலை சுற்றுகிறது என்பார்.

"என்ன, சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்குது? சண்டை முடிஞ்சுதா?"

"செத்துட்டோம்" என்றாள் அம்மா.

அப்பா ஆக்சிஜன் குழாயின் மடிப்பை நீவிவிட்டார். "ஒருத்தர் தலைல பாதில நிக்குது. முடிச்சிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார்.

அம்மாவின் கை கன்ட்ரோலரிலிருந்து நழுவியது. பொடிசு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஆட்டம் எந்த மட்டுல இருக்கு? அந்தக் கடலு?"

அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லை. ஆட்டம் நன்றாக விற்றும், கம்பெனி கல் டீமை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் வந்தாள். அம்மா விடாமல் கேட்கவும், ஒருநாள் வாய்க்கு வந்தபடி கடல் கிரகம் ஒன்றைச் சொல்லிவைத்தாள். அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது.

"போயிட்டிருக்கும்மா. தரையே கிடையாது. எல்லாம் தண்ணிக்கு அடியில."

"கல்லு?"

"கல்லு இல்லாமயா? மேல இருந்து வெயில் இறங்கும். அலை அசைய அசைய, அடியில கிடக்கற கல்லு மேல வெளிச்சம் வலை வலையா ஆடும். பவளம் மாதிரி ஒண்ணு, தொட்டா நிறம் மாறும்."

"அங்கயும் சுடணுமா?"

"வேணாம். சுத்திப் பாத்தா போதும்."

"அது நல்லது." கண்ணை மூடிக்கொண்டாள். "ஓட்டறதுக்கு வண்டி?"

"இருக்கு. முன்னால பெரிய கண்ணாடி. பஸ் மாதிரியேதான், சக்கரம் மட்டும் கிடையாது."

"எத்தன சீட்டு?"

"நீ சொல்லு. அத அப்படியே வெச்சிடறேன்."

அம்மா யோசித்தாள். யோசிக்க நேரம் பிடித்தது.

"நெறைய வை" என்றாள். "நின்னுட்டு வந்தா கால் வலிக்கும், பாவம்."

அதன் பிறகு அவள் பேசவில்லை. மூச்சு நீண்டு, இடையில் நின்று, எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி மறுபடி வந்தது. பொடிசு மாடிப்படிக்கு ஓடி அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கழுத்துத் துணி கட்டிய ஆளை அப்படியே உட்காரவைத்துவிட்டு வந்தார். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, தினமும் செய்வதைப் போல அம்மாவின் தலையை வாரத் தொடங்கினார். நெற்றியிலிருந்து பின்னால், நெற்றியிலிருந்து பின்னால். பொடிசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சைக் கவனித்தாள். ஒரு கட்டத்தில் சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டதைக் கண்டுதான் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடவாப்பா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார் அப்பா. மீதித் தலையையும் வாரி முடித்தார்.

கீழே காத்திருந்தவர் பாதி வெட்டிய தலையோடு மெல்ல ஏறி வந்து எட்டிப் பார்த்தார். கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து மடித்து வாசலில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

இறுதிச் சடங்குக்கு டிப்போவிலிருந்து ஆட்கள் சீருடையோடு வந்தார்கள். இடையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள் போல. சிலர் வாட்சைப் பார்த்தார்கள், பார்த்ததற்காக வெட்கப்பட்டார்கள். ஓட்டும் தடத்தின் பேரிலேயே எல்லோரும் பதினேழாம் நம்பர் என்று அழைக்கும் பெரியவர், பொடிசின் தோளைப் பிடித்துத் தன் பக்கத்திலிருந்த இளம் டிரைவர்களிடம் காட்டினார்.

"இந்தப் பொண்ணுதான். நம்ம அம்மா சொல்லிட்டே இருப்பாங்கல்ல? ஒரு கிரகத்தையே செஞ்சு வெச்சிருக்கு."

கல் மட்டும்தான் என்று சொல்லப் பொடிசு வாயைத் திறந்தாள். அந்த டிரைவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

வந்தவர்கள் போக, உறவுகளும் போக, ஒரு மத்தியானம் வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. அப்பா கடையைத் திறக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடல் ஆட்டம் எப்ப வருது?" என்று திடீரென்று கேட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவதான். ராத்திரி பகல்னு இல்லாம அதேதான பேச்சு."

பொடிசு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்படி ஒண்ணு இல்லப்பா. எனக்கு வேலை போயிடுச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடியே."

அப்பா தலையசைத்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"சொன்னாளா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாரு. வந்தவங்க யாரா இருந்தாலும், செருப்பக் கழட்டறதுக்குள்ள எந்த வண்டிக்குத் திரும்பிப் போறீங்கன்னு கேக்கறவ அவ. உன் லீவு எப்ப முடியுதுன்னு ஒரு தடவையாவது கேட்டாளா?"

பொடிசு யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லை. கடலைப் பற்றித்தான் கேட்டாள். கல் எப்படி இருக்கும், வெளிச்சம் எப்படி ஆடும் என்று, தினமும், புதிதாக ஏதாவது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு போனார்கள். அப்பா அவள் முதுகில் தட்டினார். கடையில் முடி அதிகமாக வெட்டுப்பட்டுவிட்டவர்களுக்குச் சொல்வதையே அவளுக்கும் சொன்னார்.

"விடு. வளந்துடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஓயும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அதப் போடு, பாக்கலாம்."

"உங்களுக்குத் தலை சுத்துமே?"

"சுத்துனா சுத்தட்டும். உக்காந்துதான இருக்கேன்."

பொடிசு டிவியைப் போட்டு, கன்ட்ரோலர் முழுவதையும் அவர் இரு கைகளிலும் வைத்தாள். கட்டைவிரலால் அசைக்கிற இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க என்று சொல்லிக்கொடுத்தாள். பள்ளத்தாக்கு திறந்தது. பாறைகள் நனைந்து பளபளத்தன. இரண்டு நிலாக்கள் மேகத்திலிருந்து விலகின. அப்பா முதலில் வானத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு தரையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் சுழன்றார். பிறகு ஒருவழியாக நிமிர்ந்து, கத்திரி பிடித்த கையின் நிதானத்தோடு, அடி அடியாக முன்னே போனார்.

ஒரு பெரிய பாறை வழியை மறைத்தது. அதற்கு அப்பால் ஏதோ நீல வெளிச்சம்.

"அங்க என்ன?"

"போய்ப் பாருங்க."

அப்பா குச்சியைத் திருப்ப மறந்துவிட்டார். சோபாவில் உட்கார்ந்தபடியே, பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க, உடம்பு மொத்தத்தையும் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கழுத்தை நீட்டினார். சாயச் சாய அவர் தோள் பொடிசின் தோளில் வந்து இடித்தது. தலையும் அவள் தலையோடு ஒட்டியது. அவள் நகர்ந்துகொள்ளவில்லை. அவரோடு சேர்ந்து அவளும் கொஞ்சம் சாய்ந்தாள்.