அறுப்பின் பண்டிகைத் தொட்டில்

"உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டார் டாக்டர் கல்பகம்.

"கம்பெனி குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கிற ஆபீஸ்ல இருக்காங்க, டாக்டர். யாருக்கு எந்த வீடு, யார் காலி பண்ணணும்னு எல்லாம் அவங்கதான்."

"அப்போ உனக்குச் சுலபமாப் புரியும். கருப்பைக்கு உள்ளே மெத்தை மாதிரி ஒண்ணு வளரும். மாசம் முடிஞ்சா அந்தச் செல்லெல்லாம் சமத்தா செத்து உதிர்ந்து வெளியே போயிடணும். உனக்கு அதே மாதிரி செல்லுங்க கொஞ்சம் வெளியே போய், சினைப்பை மேலே, குடல் மேலேன்னு குடியேறியிருக்கு."

"அலாட்மெண்ட் இல்லாமலா?"

"அலாட்மெண்ட் இல்லாமத்தான். உன் உடம்புல ஊறுற ஈஸ்ட்ரோஜன்தான் அதுங்களுக்குச் சோறு, தண்ணி, கரண்டு. அது வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் சாகமாட்டேன்னு உட்கார்ந்திருக்கும். மாசாமாசம் அதுங்களும் ரத்தம் விடும். போக வழி இல்லை. உடனே உடம்பு காவல்காரனை அனுப்பும். அடிதடி, வீக்கம், எரிச்சல். அதுதான் உன் வலி."

"காவல்காரன் விரட்டிட மாட்டானா, டாக்டர்?"

"அங்கேதான் வேடிக்கை. விரட்டப் போனவனே அதுங்க பிழைச்சுக்க ஒத்தாசை பண்றான்னு இப்போ சந்தேகப்படறாங்க."

அந்த இடத்தில் ஹில்டா சிரித்துவிட்டாள். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. செகந்திராபாத்தை அடுத்த உப்பல் பக்கத்துக் கம்பெனி காலனியில் அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்ல நோட்டீஸும் கையுமாகப் போகிற அவள் கணவன் ரூஃபஸ், அவர்கள் வீட்டிலேயே டீ குடித்து, குழாய் ஒழுகுகிறது என்று அவர்கள் சொன்ன புகாரையும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புகிறவன். ஹில்டாவின் வயிற்றுக்குள் இருந்த காவல்காரனும் ரூஃபஸின் இலாகாதான் போலும்.

கோடையில் நடந்த அந்தப் பேச்சை ஒவ்வொரு காப்ஸ்யூலையும் விழுங்கும்போது ஹில்டா நினைத்துக்கொள்வாள். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிற காப்ஸ்யூல் அது. கரண்டைப் பிடுங்கியாயிற்று, இனி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறீர்கள் பார்க்கலாம் என்று தன் வயிற்றைப் பார்த்துச் சவால் விடுவாள்.

சவால் பலித்தது. மாதவிலக்கு நின்றது. கூடவே வலியும் நின்றது. பதினாறு வயதிலிருந்து மாதத்தில் சில நாள் அவளைச் சுருட்டித் தரையில் போட்ட வலி அது. கல்யாணத்துக்கு முன் அம்மா, "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்றாள். கல்யாணத்துக்குப் பின் மாமியார் சாராவம்மாள், "ஒரு பிள்ளை வந்தா எல்லாம் சரியாப் போவும்" என்றாள். வலி இல்லாத உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று ஹில்டாவிடம் யாரும் சொன்னதே இல்லை. மல்காஜ்கிரி மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டு, அதற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

காப்ஸ்யூல் சும்மா வரவில்லை. முகத்தில் பரு வந்தது. கன்னம் உப்பியது. கடைசியில், ஆலயப் பாடகர் குழுவில் உச்சக் குரலான சோப்ரானோ பாடுகிறவளின் குரல் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியது.

"ஹில்டாம்மா, இன்னிக்கு என்ன, ஐஸ்கிரீமா?" என்றார் பாடகர் குழுத் தலைவர் தனசிங். மறுவாரம் அவளை ஒரு படி கீழே, ஆல்டோ வரிசைக்கு மாற்றினார். அதற்கடுத்த வாரம் ஆண்கள் பாடும் டெனர் வரிசையைப் பார்த்து யோசித்தார்.

குரல் மாறினால் உடனே வரச்சொல்லி டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். ஹில்டா தாமதித்துத்தான் போனாள். டாக்டர் திட்டிவிட்டு, காப்ஸ்யூலை நிறுத்தி வேறொரு மாத்திரை எழுதினார்.

"இதுவும் ஹார்மோன்தான். இன்னொரு வகை. அந்தச் செல்லுங்களை வளர விடாம அடக்கி வைக்கும். ஒரு வருஷம் விடாம சாப்பிட்டா நல்லாச் சுருங்கும். ஆனா அந்த ஒரு வருஷம் பிள்ளைப் பேச்சு கிடையாது. வீட்டுல பேசிட்டு வந்து சொல்லு."

"குரல் திரும்ப ஏறுமா, டாக்டர்?"

"மெதுவா ஏறப் பார்க்கும். நீ முதல்ல வீட்டுல பேசு."

குரல் ஏறுவதாவது நடக்கும். வீட்டில் பேசுவதல்லவா கஷ்டம்! ரூஃபஸிடம் சொல்லியாயிற்று. "ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் எடுத்துக்கோ. பிள்ளை எங்கே போயிடும்? நீ சுருண்டு படுக்கிறதைப் பார்க்க எனக்கு நக்கோ" என்றான்; வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது. சொல்லிவிட்டு அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியும் விட்டான். ஆனால் அம்மாவிடம் யார் சொல்வது என்றதும், "நீயே பக்குவமா சொல்லேன்" என்று குளிக்கப் போய்விட்டான். குளித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

அவன் செய்த இன்னொரு காரியமும் இருந்தது. அது என்ன மாத்திரை என்று சாராவம்மாள் ஆரம்பத்தில் கேட்டபோது, "ரத்தம் ஊற சத்து மாத்திரைம்மா" என்று சொல்லி வைத்திருந்தான்.

சாராவம்மாள் தெற்கே நாசரேத்துப் பக்கம் பிறந்து, வாழ்க்கைப்பட்டு செகந்திராபாத் வந்தவள். சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் தேசத்துக்கும் மழைக்கும் முன்னால் ஹில்டாவின் கர்ப்பத்துக்காகத்தான் ஜெபம் தொடங்கும். கல்யாணமாகி நாலு வருஷமாக அந்த வரிசை மாறவில்லை. முழங்காலில் நிற்கிற அத்தனை பெண்களுக்கு நடுவே, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஹில்டாவும் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளின் கண்ணில் மருமகளின் உடம்பு படாமல் இருக்குமா? மாதவிலக்கு நின்றுவிட்டது. கன்னம் பூரித்திருக்கிறது. மகன் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கிறான். பருவும் கனத்த குரலும் சேர்ந்ததில், பிறக்கப் போவது ஆண்பிள்ளை என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. மகனும் மருமகளும் தாங்களாகச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டது வீட்டில் மட்டும்தான். பெண்கள் சங்கத்தில் தெரியாத ஆள் இல்லை.

இதெல்லாம் ஹில்டாவுக்கு அறுப்பின் பண்டிகை ஏலத்தன்றுதான் தெரிந்தது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டு, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணிக்காய், சேவல், கேக் எல்லாவற்றையும் தனசிங் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு முட்டை நாலு பேர் கைமாறி, கோழியின் விலைக்குப் போயிருந்தது. பாடகர் குழுவின் பெஞ்சில் ஹில்டா சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தபோது ஒரு மரத்தொட்டில் மேடைக்கு வந்தது. ரயில்வே பட்டறைத் தச்சர் ஒருவர் தன் கையால் செய்து கொடுத்தது. தேக்கு. தலைமாட்டில் புறா செதுக்கியிருந்தது.

"அம்பது!" என்றாள் சாராவம்மாள்.

பெண்கள் பக்கத்தில் ஒரே குதூகலம். "கேளுங்கக்கா, விடாதீங்க! பேரன் படுக்க வேணாமா?" என்றாள் ஒருத்தி. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் ஹில்டாவின் கையைப் பிடித்து, "எத்தனாவது மாசம்? எங்ககிட்டயும் மறைச்சிட்டியே கள்ளி!" என்றாள்.

ஹில்டாவின் வாயில் சுண்டல் அப்படியே நின்றது. அவள் ஆண்கள் பக்கம் திரும்பி ரூஃபஸைத் தேடினாள். அவன் பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான்.

போட்டிக்கு யாருமில்லை. சாராவம்மாள் தன் தொகையைத் தானே ஏற்றினாள். "எழுவத்தஞ்சு! ஆண்டவருக்குக் கொடுக்கதுல என்ன கஞ்சத்தனம்? நூறு!"

"நூறு ஒரு தரம்," என்றார் தனசிங். "நூறு ரெண்டு தரம்..."

"நக்கோ!"

ஷாமியானாவே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கனமான ஆண் குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் டெனர்காரர்களைத் தேடினார்கள். டெனர்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து நின்றது ஹில்டா.

"தனசிங் அண்ணே, கொஞ்சம் நிறுத்தி வைங்க," என்றாள். அவர் நிறுத்திவைத்து, அவசரமாக ஒரு சேவலைத் தூக்கினார்.

வாழைத்தார்கள் சாத்தியிருந்த சுவரோரத்துக்கு மாமியாரை அழைத்துக்கொண்டு போனாள். பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து ரூஃபஸும் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தான்.

"என்னட்டி, முன்கூட்டியே வாங்கக் கூடாதுன்னு பாக்கியா?" என்றாள் சாராவம்மாள். "நாம அதெல்லாம் பாக்க மாட்டோம்லா."

"நான் முழுகாம இல்ல, அத்தை."

"பெறவு? இத்தன மாசமா..."

"மாசாமாசம் வர்றதை அந்த மாத்திரை நிறுத்தி வச்சிருக்கு. அது சத்து மாத்திரை இல்ல. என் வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்து. இந்தக் குரல், இந்தக் கன்னம், எல்லாமே அந்த மருந்துதான்."

சாராவம்மாள் மகனைப் பார்த்தாள். "ஏலே, சத்து மாத்திரைன்னு சொன்னியே?"

"ஹவ்மா, ஆமாம்மா. இல்லம்மா. அதாவது..." ரூஃபஸ் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "நான் பயந்துட்டேன்மா. ஆனா இவ சொல்றது அத்தனையும் நிஜம்."

சாராவம்மாள் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சங்கத்தில் எத்தனை பேரிடம் சொன்னோம் என்று அவள் எண்ணுவது முகத்திலேயே தெரிந்தது. எண்ணிக்கை நீளமாகப் போயிற்று. நடுவில் எங்கோ எண்ணுவதை விட்டுவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ நோவுன்னு கெடையில விழுந்து நாளாச்சுலா," என்றாள் மெதுவாக. "வெந்நீர்ப் பையை நானும் தேடல. பிள்ளை வந்துட்டு, அதான் நோவு போயிட்டுன்னுல்லா நெனச்சேன்."

"பிள்ளை வராமலே போச்சு, அத்தை."

"திரும்பி வருமா, அந்த நோவு?"

"மருந்தை விட்டா வரும். ஒரு வருஷம் விடாம சாப்பிடச் சொல்றாங்க. அது வரைக்கும் பிள்ளை கிடையாது."

ஷாமியானாவில் யாரோ சேவலுக்கு விலை ஏற்றினார்கள். பெண்கள் சங்கம் முழுவதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரூஃபஸ் பழத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹில்டா அவன் தோளைத் தொட்டு ஒதுக்கினாள். கோபத்தில் அல்ல. நோட்டீஸ் கொடுக்கப் போன இடத்தில் டீ கேட்டுவிடுவானோ என்ற பயம்தான். அவள் கீழே குனிந்து, மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை புதன்கிழமையாக ஆமென் என்று சொல்லி விழுங்கியது, அந்தக் கரகரத்த குரலில் தடையில்லாமல் வந்தது.

"அத்தை, ஒரே ஒரு வருஷம் பிள்ளைக்காக ஜெபிக்காதீங்க. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு ஜெபிங்க."