முக்கால் லிட்டர் கருவேல எண்ணெய்

1

மூக்கையாவின் இரண்டு புருவங்களுக்கு என்ன விலை என்று கேட்டால் சொல்லிவிடுவேன்: முக்கால் லிட்டர் எண்ணெய். பேரம் பேசாமல் போன விலை. பேச அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே அந்த முகத்திலிருந்துதான். 2008இல், இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு மனிதரோடு பேச்சுக் கொடுத்தேன். முகத்தில் ஏதோ குறைந்தது. என்னவென்று கண்டுபிடிக்க இரண்டு டீ ஆயிற்று. சரக்கைப் பார்த்ததும் ஆசையைக் காட்டாதே என்று எங்கள் குடும்பக் கடையில் சொல்லித்தான் வளர்த்தார்கள். காட்டிவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "உப்பூருக்கு மேற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம் பச்சைக் கடலாக—"

(வேண்டாம். நிஜக் கடலே பக்கத்தில் இருக்கிறது.)

இரண்டாவது: வயற்காட்டை விழுங்கிய கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டே குடும்பத்தை நடத்தியவள் சேதுலட்சுமி. விறகைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, உள்ளே நெருப்பை விட்டு, புகையின் நிறத்தில் பதம் சொல்வாள். வெள்ளையென்றால் ஈரம். நீலமாக மெலிந்தால் கரி தயார்; அந்தக் கணமே துளைகளைச் சேறு அப்பி அடைக்க வேண்டும். விட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

அவள் கணவர் மூக்கையா சவுதியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், குழாய் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போவார்.*

* இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள். அலமாரியில் எட்டு கம்பளிகள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

3

இந்த முறை வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஆகவே தனக்குத் தானே ஒரு பந்தயம் கட்டினார்: கருவேலத்திலிருந்து எண்ணெய் எடுத்துக் கிணற்று இன்ஜினை ஓட்டிக் காட்டுவார். ஓடினால் இங்கேயே இருப்பார். ஓடாவிட்டால், ஏஜென்ட் நெய்னா முகம்மதுவிடம் காத்திருக்கும் விசாவில் கிளம்பிவிடுவார்.

சும்மாவே இருங்களேன் என்று சேதுலட்சுமி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

[இங்கே அவள் மனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். இத்தனை வருடம் கேட்காத ஒன்றை என் வசதிக்காக ஒரே பத்தியில் கேட்க வைப்பது அநியாயம்.]

4

இறுக மூடிய டிரம்மில் கருவேலத் துண்டுகள், அடியில் நெருப்பு. காற்றுப் படாமல் வேகும் மரம் எரியாது, ஆவியாகும். அந்த ஆவியைச் சிப்பிச் சுண்ணாம்பு அடைத்த குழாய் வழியே விட்டார். அதுதான் வினையூக்கி, ஆவியின் புளிப்பை முறித்துப் பதமாக்கும் என்றார். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் குழாய். அதன் நுனியில் ஒரு கேன்.

கறுப்பாகச் சொட்டியது.

"உன் மூட்டத்துல வீணாப் போன புகைடீ இது. இம்புட்டு வருசம் பெட்ரோலை வானத்துக்கு அனுப்பியிருக்க."

"நீங்க இங்கன இருந்திருந்தா பிடிச்சு வச்சிருப்பேன்."

அவர் விறகு எடுக்கப் போனார். கேன் முக்கால் லிட்டரைத் தொட்டபோது, குழாய் நுனியில் மிஞ்சிய புகை நீலமாக மெலிந்தது. சேதுலட்சுமியின் கை யோசிக்கவில்லை. சேற்றை அள்ளிக் குழாய் வாயில் அப்பி அடைத்தது. கேனை எடுத்துக்கொண்டு அவள் நிழலுக்குப் போனாள்.

சொட்டு ஏன் நின்றது என்று பார்க்க மூக்கையா டிரம்மருகே குனியவும், அடைபட்ட ஆவி முட்டி மூடி பனை உயரத்துக்குக் கிளம்பவும் சரியாக இருந்தது. கண் தப்பியது. கறுகறுவென்றிருந்த புருவம் போயிற்று.

"நீலப் புகை வந்துச்சு, அடைச்சேன்," என்றாள். பிறகு, அவர் மூச்சு விடுவதைப் பார்த்துத் தெம்பாகி, "எண்ணெய்க்கு அடைக்கக்கூடாதுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

(வேண்டுமென்றே அடைத்தாளா? ஒரு வரைவில் அப்படியும் எழுதினேன், கிழித்துவிட்டேன். கைப்பழக்கத்துக்கு உள்நோக்கம் கற்பிப்பது எழுதுகிறவர்களின் வியாதி.)

5

நெய்னா முகம்மது பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல இருக்கது யாரு, உங்க தம்பியாண்ணே? ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிருவான். புருவம் முளைக்கட்டும், இன்ஷா அல்லா, பாப்போம்."

அதுவரை இருக்க வேண்டியதுதான். அந்த முக்கால் லிட்டரை இன்ஜினில் ஊற்றிப் பார்த்திருக்கலாம். ஊற்றி ஓடாமல் போனால்? கேன் அலமாரியில், கம்பளிகளுக்குப் பக்கத்தில் ஏறியது.

முடிவு அ: ஊற்றுகிறார்கள், இன்ஜின் ஓடுகிறது. (இந்தக் கச்சா எண்ணெயில் அவ்வளவு லேசாக ஓடாது. மூக்கையாவே சிரிப்பார்.)

முடிவு ஆ: இன்ஜின் இருமிவிட்டு நிற்கிறது. அவர் பெட்டியைக் கட்டுகிறார், சேதுலட்சுமி வாசலில்—

(பேனாவை மூடிவிட்டேன்.)

6

மாதங்கள் போயின. புருவம் முளைக்கவில்லை. நெய்னா முகம்மது போனில் விசாரித்து அலுத்துப் போனார்.

ஒரு காலையில் சேதுலட்சுமி அவருடைய சவரக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். மூக்கையாவின் தாடி முழுக்க நரை. நுரையில் ஒட்டியிருந்தவை பொடிப்பொடியான கறுப்பு முடிகள்.

அன்று தேவிபட்டினத்துக்குக் கரி போட்டுவிட்டு வரும்போது ஒரு கட்டு பிளேடு வாங்கிவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள்.

"பழசு மழுங்கிருச்சு. மூஞ்சியைக் கிழிச்சுக்கிறாதீக."

கேன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்ஜின் ஓடுமா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்கிற வாசகர் எடுத்து ஊற்றிக்கொள்ளலாம். நான் தொடமாட்டேன். இதுவரைக்குமான கணக்கு:

வரவு: எண்ணெய், முக்கால் லிட்டர்.
செலவு: புருவம் இரண்டு, முளைக்க முளைக்க.
பாக்கி: முடிவு ஒன்று, என் பேரில்.
கையிருப்பு: ஆள் ஒருவர், வீட்டில்.