எச்-ஒன் இல்லாத குழாய்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த மாதம் அந்த ஆய்வகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம். அதற்குப் போட்டி இருவர். ஒருவன் சீனியர். இன்னொருத்தி, ஆய்வகமே வாயில்லாப்பூச்சி என்று கூப்பிடும் பெண். இந்த வாரமும் கைநழுவினால் அவள் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

சீனியருக்குக் கவலையே இல்லை.

“மேடம், டிஎன்ஏவைத் தன்மேல சுத்தி வெச்சிருக்கறது என்னோட எட்டு ஹிஸ்டோன் புரதம். கிட்டத்தட்ட ரெண்டு சுத்து. இவளோட எச்-ஒன்னும் ஹிஸ்டோன்தான், ஆனா வெளியில ஒட்டிக்கிட்டு நிக்கற வாட்ச்மேன். அவன் ஒருநாள் லீவு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“நீ என்னம்மா சொல்றே?” என்றார் பேராசிரியை.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“ரெண்டுலயும் ஒரே வகை செல்களோட உட்கருதான் அண்ணா. முதல் குழாய்ல கைவைக்கல. ரெண்டாவதுல உப்பைக் கூட்டி எச்-ஒன்னை மட்டும் கழட்டிட்டேன். உங்க எட்டுப் பேரும் பத்திரமா உள்ளதான் இருக்காங்க. வேற குழாய்க்கு மாத்திக் குடுக்கறீங்களா?”

“இதுக்கும் நான்தானா?” என்றபடி அவன் பிப்பெட்டை எடுத்தான்.

முதல் குழாயில் இருந்தது கலங்கிய தண்ணீர் போல இறங்கியது. சமர்த்தாக ஏறி, சமர்த்தாக விழுந்தது.

இரண்டாவதில் முனையை விட்டு உறிஞ்சினான். ஏறவில்லை. வெளியே இழுத்தான். ஜலதோஷக்காரன் மூக்கு போல ஒரு நீளக் கயிறு கூடவே வந்தது. கையைத் தோள்வரை தூக்கினான். அறுபடவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றான். மணிக்கட்டைச் சுழற்றிச் சுருட்டப் பார்த்தான்; கயிறு அவன் கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டது.

“எங்கடா உன் எட்டுப் பேரு? பிடிச்சு நிறுத்தச் சொல்லு,” என்றார் பேராசிரியை.

“அந்த எட்டும் சேர்ந்த உருண்டைக்குள்ள டிஎன்ஏ நுழையற இடத்தையும் வெளியே வர்ற இடத்தையும் எச்-ஒன்தான் சேர்த்துப் பிடிக்கும் மேடம். பக்கத்து உருண்டைகளையும் நெருக்கி உட்கார வைக்கும். அது போனா, சுத்து அப்படியே இருந்தாலும் மொத்த டிஎன்ஏவும் ஊதிப் பரவி இப்படிக் கயிறா வரும்.”

இரண்டு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

“பாடத்தை அப்புறம் நடத்தும்மா. முதல்ல வெட்டு,” என்றான் சீனியர், கையைத் தூக்கியபடியே.

அவள் கத்தரிக்கோலை நிதானமாகத் தேடி எடுத்தாள். “எதை வெட்டணும் அண்ணா? இதையா, வாட்ச் பட்டையையா?”

பேராசிரியை சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு நுண்ணோக்கி அட்டவணைப் பலகைப் பக்கம் போனார். அந்த வாரத்துக்கு நேரே சீனியர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தன் பெயரை அழித்து அவள் பெயரை எழுதினார்.

அவன் கை கழுவித் துடைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான். குரல் இறங்கியிருந்தது.

“ஏம்மா, அந்த வாரத்துல ஒரு மதியம் மட்டும் என்னோட மாதிரியையும் வெச்சுப் பார்க்கலாமா?”

பதில் அவளிடம் தயாராகவே இருந்தது. ஆனாலும் குழாய்களுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, ஐஸில் வைத்த பிறகுதான் சரி என்று தலையாட்டினாள்.